நாற்பத்தொன்பது முதல் எழுபத்திரண்டு வரை

எட்டு மீட்டர் அகலமுள்ள தொலைநோக்கிக் கண்ணாடி ஒன்று மலாய் நாட்டுக் கிள்ளானில் செய்த ரப்பரின் மேல்தான் உட்காரப் போகிறது என்று நான் சொன்னபோது என் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "லோரி எஞ்சினுக்கு ரப்பர் செய்யற ஃபேக்டரின்னுதானே அண்ணி சொன்னீங்க? இப்ப நட்சத்திரத்துக்கும் நீங்கதானா?" என்றாள். சிரித்தால் சிரிக்கட்டும். லோரி எஞ்சின் ஆடாமல் இருப்பதற்கு என்ன வேலை செய்கிறோமோ அதே வேலைதான் இதற்கும். இரும்பையும் ரப்பரையும் எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாதபடி ஒட்டவேண்டும்.

கண்ணாடியை ஜெர்மனியில் வார்த்தார்கள். பெல்ஜியத்தில் இழைத்தார்கள். அதைத் தாங்குகிற இரும்புச் சட்டம் ஸ்பெயினில் தயாரானது. எல்லாம் ஒன்றுசேர்ந்து கடைசியில் தென்னமெரிக்காவில் ஒரு மலைமேல் ஏறுமாம். கண்ணாடி இருபது டன்னுக்கு மேல் எடை, தடிமனோ ஒரு சாண்கூட இல்லை. இரும்பு நேராக அதன் முதுகில் பட்டால் கண்ணாடி வளைந்துவிடும். அதனால் இடையில், இரும்பு வட்டில் ஒட்டிய ரப்பர் பேட் நூற்றைம்பது வைக்கவேண்டும். கைக்குக் கூடுதலாகப் பதினெட்டு. ஆக நூற்று அறுபத்தெட்டு, தட்டுக்கு இருபத்துநாலு வீதம் ஏழு தட்டு. அந்த ஓர்டர் 1994-இல் எங்களுக்கு வந்தது.

நான் அங்கே பசை அறை சூப்பர்வைசர். இராஜம்மா என்று பெயர். இரும்பு வட்டைக் கழுவி, காயவைத்து, இரண்டு தரம் பசை பூசுவது என் அறையில்தான் நடக்கும். பூசிய பிறகு அதன்மேல் ஒரு விரல் படக்கூடாது, ஒரு தூசு விழக்கூடாது. பன்னிரண்டு வருஷமாக அந்த அறைக்குள் வெளிச்செருப்போடு வந்த ஒருத்தரையும் நான் சும்மா விட்டதில்லை. தவுக்கேயைக்கூட ஒருமுறை வாசலிலேயே நிறுத்தி வைத்தேன், அவர்தான் முதலாளி என்றாலும். பசை காய்ந்த வட்டு பிரஸ்ஸுக்குப் போய் ரப்பரோடு வேகும். வெந்து வந்த ஒவ்வொரு பேடுக்கும் ஓர் எண், ஓர் அட்டை, அதில் என் கையெழுத்து.

ஓர்டரைப் பேச ஜெர்மனியிலிருந்து உர்சுலா என்று ஒரு பொறியாளர் வந்திருந்தார். ஒல்லியான பொம்பளை, சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்துக்கு ஒன்றை மட்டும்தான் அங்கே நாங்கள் இழுத்துப் பார்ப்போம். மற்றதெல்லாம் உங்கள் அட்டையை நம்பி மாட்டிவிடுவோம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அன்றைக்கு எனக்கு ஒரு முழம் உயர்ந்துவிட்ட நினைப்பு.

சரஸ்வதி பூசை முடிந்து, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை உர்சுலாவிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தியாகராசா சார் என் அறைக்கு வந்தார். தர சோதனைக்கு அவர்தான் பொறுப்பு. பிரிக்பீல்ட்ஸ்காரர், சிலோன் தமிழர், அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம். ஆங்கிலத்தை இஸ்திரி போட்டுப் பேசுவார். அன்றைக்கு நேராகத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"இராஜம்மா, அறுபத்தொன்னு உரிஞ்சு போச்சு," என்றார்.

"என்ன சார் உரிஞ்சுது?"

"நம்பர் அறுபத்தொன்னு. அங்க இழுத்துப் பார்த்தப்ப இரும்பு ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கமா வந்துட்டுதாம். ஏன்னு புதன்கிழமைக்குள்ள எழுத்துல காரணம் சொல்லணும். சொல்லாட்டி நூத்து அறுபத்தெட்டும் வேணாமாம், வேற ஆளுகிட்ட போறாங்களாம்." மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பசைதான் காரணம். இங்கிலாந்துப் பசை, புது டின். டின் திறந்த தேதியைப் பாருங்கோ. நான் லெட்டர் எழுதிடுறன்."

நான் டின் தேதியைப் பார்க்கவில்லை. என் கொப்பியைப் புரட்டினேன். நாற்பத்தொன்பது முதல் எழுபத்திரண்டு வரை மூன்றாவது தட்டு. பசை பூசிய நாள், சரஸ்வதி பூசை.

அந்தப் பூசையை ஃபேக்டரிக்குள் கொண்டுவந்ததே நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் தவுக்கே முடியாது என்றார். நாங்கள் நாற்பத்திரண்டு பேர் ஒரு பகல் முழுக்க கேட்டில் வெயிலில் நின்றோம், ஒரு மெஷின் ஓடவில்லை. சாயந்தரம் இறங்கி வந்தார். அதிலிருந்து வருஷா வருஷம் ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சை நசுக்கி, அவல் கடலை பங்கிட்டு, அரை நாளோடு வீட்டுக்குப் போவோம். பூசாரி எங்கள் பக்கிரிசாமி அண்ணன். மற்ற நாளில் மூன்றாம் நம்பர் பிரஸ் அவருடையது.

இந்த வருஷம் எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. பசை காய்ந்துகொண்டிருந்த தட்டை நானே அறையைவிட்டு வெளியே எடுத்து வந்தேன். "இதுக்கும் வைங்கண்ணே. நாலு நாட்டுக்காரங்க சேந்து செய்யற வேலை. சாமி மட்டும் சேரலன்னா எப்படி?" என்றேன். இருபத்துநாலு வட்டுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைக்க யாருக்குப் பொறுமை? அண்ணன் ஒரு கை திருநீற்றை எடுத்துத் தட்டு முழுக்கத் தூவிவிட்டார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு நான் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தேன். மறுநாள் பிரஸ்ஸுக்கு அனுப்பினேன்.

அதோடு விட்டேனா? தட்டுக்கு இரண்டு பேடை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடவேண்டும். அந்தத் தட்டுக்கு நான் இழுக்கவில்லை. சாமி தொட்ட தட்டுக்கு என்ன சோதனை என்று நினைத்து, இருபத்துநாலு அட்டையிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று வட்டு எடுத்துப் பசை பூசினேன். ஒன்றைச் சும்மா விட்டேன். இரண்டில் திருநீறு தூவி, அன்றைக்குப் போலவே துணியால் துடைத்தேன். சாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மூன்றையும் வேகவைத்து இழுத்தேன். சும்மா விட்டது அசையவில்லை. ஒன்று பாதி இழுவையில் கிளம்பியது. இன்னொன்று வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. பசையின் மேல் வெள்ளையாகக் கோடு தெரிந்தது.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நான் அங்கதான நின்னன். திருநீறு விழுறதைப் பார்த்தன். அந்தப் பக்கத்துல ஒண்ணும் படக்கூடாதுன்னு தெரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரிஞ்சுமா வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு நின்னீங்க?"

"போன வருஷம் சூடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோன்னு சொன்னதுக்கு நீங்க என்ன கேட்டீங்க? சிலோன்காரருக்கு சாமி வேற, எங்களுக்கு சாமி வேறயான்னு எல்லார் முன்னாலயும் கேட்டீங்க. அதுக்குப் பிறகு நான் ஏன் வாயைத் திறக்கப் போறன்?"

கேட்டேன்தான். நரம்பில்லாத நாக்கு, எனக்கு அது கொஞ்சம் நீளமும்கூட. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், வரவில்லை. இழுக்கும் மெஷினைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவர்தான் மறுபடி பேசினார். "பசைன்னே எழுதிடுவோம், இராஜம்மா. இங்கிலாந்துக்காரன் ஒரு டின்னுக்கு சாரி சொல்லுவான், அவ்வளவுதான். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"எல்லாத் தட்டுக்கும் அதே பசைதானே சார்? பசை கெட்டதுன்னு எழுதினா நூத்து அறுபத்தெட்டையும் தூக்கிப் போட்டுடுவாங்க. நூத்து நாப்பத்து நாலு நல்ல பேடு. இல்ல, ஒண்ணுதான் கெட்டுதுன்னு விட்டாங்கன்னா, மிச்ச இருபத்து மூணும் கண்ணாடிக்கு அடியில போயிடும்."

"அப்ப உண்மையைச் சொன்னா? தவுக்கே உங்களை விடுவாரா? பூசையை விடுவாரா?"

விடமாட்டார். பொய் சொல்லுவானேன், எனக்குப் பயமாக இருந்தது. அந்த அறையில் பன்னிரண்டு வருஷம். அதுகூடப் பரவாயில்லை. நாற்பத்திரண்டு பேர் வெயிலில் நின்று வாங்கிய பூசை, நான் ஒருத்தி வாய் திறந்தால் போய்விடும். அவர்களிடம் கேட்காமல் எப்படிச் சொல்வது?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கிரிசாமி அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"நான் தூவுனதாலயா?"

"நான் தூவச் சொன்னேன்ல. உங்க மேல ஒண்ணுமில்லண்ணே."

அக்கம்பக்கம் பார்த்தார். "பேசாம இரு ராஜம்மா. பசைன்னு எழுதிட்டுப் போகட்டும். பூசைன்னு சொன்ன, அப்புறம் இந்த கேட்டுக்குள்ள ஒரு சூடம் ஏத்த விடமாட்டான். இந்தியன் கையில வேலை குடுத்தா இப்படித்தான்னு வேற சொல்லுவான்."

"கண்ணாடி சரிஞ்சா?"

"கண்ணாடி எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்? யாருக்குத் தெரியப் போவுது?"

எழுந்து கை கழுவினேன். யாருக்குத் தெரியப் போகிறது என்றால், எனக்குத் தெரியுமே! ஒருத்தி ஆறாயிரம் மைலுக்கு அப்பால் என் அட்டையைப் பார்த்து, இழுத்துப் பார்க்காமல் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருப்பாள். நேராக சாரின் மேசைக்குப் போனேன்.

"எழுதுங்க சார். நாப்பத்தொம்பதுல இருந்து எழுபத்திரண்டு வரைக்கும் கெட்டது. மிச்சம் எல்லாம் நல்லது. எட்டு நாள்ல புதுசா இருபத்துநாலு செஞ்சு அனுப்பறோம்."

சார் தாளை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு பேனாவை எடுத்தார். காரணம் என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார். "வெள்ளைத் தூள் பட்டதுன்னு போடவா?"

"என்ன தூள்னு கேக்கமாட்டாங்களா?"

"திருநீறுன்னா அவங்களுக்கு என்ன விளங்கும்? சாணத்தைச் சுட்ட சாம்பல்னா எழுதுறது? மானம் போயிடும், இராஜம்மா!"

"சாணம்தானே சார்? பவுன்லயா செய்யறாங்க? எழுதுங்க."

எழுதினார். மாட்டுச் சாணச் சாம்பல், கருவிகளை வணங்கும் நாளில் தூவப்பட்டது, எந்தத் துணியால் துடைத்தது, தட்டைக் கொண்டுவந்தது யார், சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது யார், பிறகு சோதித்துக் கண்டுபிடித்தது யார், எல்லாம். கடைசியில், "தர சோதனைப் பொறியாளர் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை" என்று நான் சொல்லாமலே ஒரு வரி சேர்த்தார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "போன வருஷம் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க சார்," என்றேன். "பரவாயில்லை லா," என்றார், முகத்தைத் தூக்காமல்.

தவுக்கே மறுநாள் கத்திய கத்தலில் கிளர்க் பெண்கள் வெளியே ஓடிவிட்டார்கள். மலாயில் பாதி, ஹொக்கியன் சீனத்தில் பாதி. உன் சாமி என் ஓர்டரைத் தின்றுவிட்டது என்றார். இனிமேல் சம்பாயாங், அதாவது பூசை எல்லாம் கேட்டுக்கு வெளியே, ரோட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சாருக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்குப் பசை அறை இல்லை, கையெழுத்தும் இல்லை. அன்றையிலிருந்து பேக்கிங்கில் பெட்டி ஒட்டவேண்டும். "வேணும்னா என்னைத் தூக்குங்க, பூசையைத் தூக்காதீங்க" என்று கெஞ்சினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். கேண்டீனில் நான் உட்கார்ந்த மேசையில் ஒருத்தரும் உட்காரவில்லை. "ஜெர்மன்காரிக்கு நல்ல பேர் வாங்கப் போய் நம்ம சாமிய ரோட்டுல விட்டுட்டா" என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு. பக்கிரிசாமி அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார். கண்ணாடிக் கதவு வழியாக என் அறை தெரியும். வேறு ஆள் பசை பூசுவதை நான் பெட்டி ஒட்டிக்கொண்டே பார்ப்பேன். தூரிகையை எப்படிப் பிடிக்கிறான் பார், கஞ்சி கரைக்கிற மாதிரி என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். இரண்டு நாள் வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனால் சொன்னதற்காக ஒரு நிமிஷமும் வருத்தப்படவில்லை, இது சத்தியம்.

ஜெர்மனியிலிருந்து முதலில் வந்த பதில் நான்கே வரி. விளக்கம் ஏற்கப்பட்டது, இருபத்துநாலையும் கழற்றிவிட்டோம், புதியதை அனுப்புங்கள், அட்டைகளின் நகலை முன்னதாக ஃபேக்ஸ் செய்யுங்கள். புதிய இருபத்துநாலையும் அதே பழைய எண்களோடு சார் நின்று பார்த்துச் செய்யவைத்தார். அட்டையில் அவரே கையெழுத்துப் போட்டார், நகலையும் அனுப்பினார்.

தீபாவளிக்கு முதல் நாள். அரை நாள்தான் வேலை. பன்னிரண்டரைக்கு எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற நேரம். சுபாங் விமான நிலையத்துக்குப் போகிற லோரி ஐந்தரைக்கு வரும். பேட்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தவுக்கே ஒரு ஃபேக்ஸ் தாளை நீட்டிக்கொண்டு பேக்கிங்குக்கு வந்தார், பின்னால் சார்.

"படிங்க சார்," என்றேன்.

சார் படித்தார். "அட்டைகளில் கையெழுத்து மாறியிருக்கிறது. எந்தத் தட்டு கெட்டது என்று கண்டுபிடித்துச் சொன்ன இராஜம்மா கையெழுத்துப் போட்டால், திரும்பச் சோதிக்காமல் உடனே மாட்டுவோம். அவர் போடாவிட்டால் அனுப்ப வேண்டாம்." அடியில் உர்சுலாவின் பெயர்.

பையோடு போன ஆட்கள் நின்றுவிட்டார்கள். தவுக்கே சட்டைப் பையிலிருந்து தன் பேனாவையே எடுத்து என் முன்னால் நீட்டினார். "சைன். சைன் லா, சிப்பாட்," என்றார். சீக்கிரம் போடு என்கிறார்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேனாவை வாங்கப் போனேன், கை பாதியில் நின்றது.

"இதை நான் இழுத்துப் பாக்கலியே," என்றேன்.

"சார் பார்த்துவிட்டார்!" தவுக்கே மலாயில் கத்தினார்.

"சார் தட்டுல ரெண்டு பாத்திருப்பாரு. எனக்கு இருபத்துநாலும் பாக்கணும். பாக்காம கையெழுத்து போட்டுத்தான் இந்த வெனையே வந்தது."

ஒரு பேடுக்குப் பத்து நிமிஷம், நாலு மணி நேரம். தீபாவளிக்கு முதல் நாள். தவுக்கே தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் பெட்டியைத் திரும்பப் பிரித்தேன்.

அப்போது என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு குரல். ஒரு வாரம் கழித்துப் பக்கிரிசாமி அண்ணன் பேசினார், மெதுவாக. "ராஜம்மா. இப்ப அவன் நம்ம கையில. பூசைய உள்ள விடு, அப்பத்தான் போடுவேன்னு சொல்லு. சொல்லு புள்ள, இந்த நேரம் மறுபடி கெடைக்காது."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்தார்கள். கேட்டிருந்தால் அந்த மனுஷன் அந்த நிமிஷமே தலையாட்டியிருப்பார். எனக்கும் ஆசைதான். அந்தப் பூசை இவர்களைவிட எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

"இந்தக் கையெழுத்த வச்சு நான் எதையும் வாங்கமாட்டேண்ணே," என்றேன். "விலை வச்சுப் போட்டா அப்புறம் அதை எவ நம்புவா? பூசைக்கு நாளைக்கழிச்சு கேட்டுல நிப்போம். முன்னால நானே நிக்கிறேன். ஆனா ஒண்ணு, உள்ள விட்டாலும் பசை ரூம் பூட்டித்தான் இருக்கும். சாவி என்கிட்ட."

"சாமிக்கே பூட்டா?"

"சாமிக்கு இல்ல. எனக்கு."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் போகவில்லை. பையைச் சுவரோரம் வைத்தார், சட்டைக் கையை மடித்தார், தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். நெற்றியில் காலையில் இட்ட திருநீறு இருந்தது. சோப்புப் போட்டு முகத்தையும் கையையும் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்து, இழுக்கும் மெஷின் பக்கத்தில் நின்றார்.

"நாப்பத்தொம்பத எடு," என்றார்.